பலூனுக்குப் பதில் கொண்டு போறேன்

மன்னிச்சுக்கங்க அண்ணாச்சி, பலூன் உங்க மூஞ்சியில இடிக்குது. இருங்க, இந்தப் பக்கம் இழுத்துக்கறேன். கேஸ் பலூன். கொஞ்சம் நூலை விட்டா கூரையில போய் ஒட்டிக்குது, இழுத்துப் பிடிச்சா பக்கத்துல இருக்கறவங்களை உரசுது. மழைக்கு எல்லா ஷட்டரையும் இறக்கி விட்டுட்டாங்க, அதனால காத்துல பறந்து போயிரும்ங்கிற பயம் இல்ல. கண்டக்டர் ஏறும்போதே கேக்குறாரு, இதுக்கும் அரை டிக்கெட் போடவான்னு. யாரைப் பார்த்தாலும் நக்கல்தான்.

நீங்க தென்காசி வரைக்குமா? நான் ராஜபாளையத்துல இறங்கிருவேன். மச்சினன் வீட்டுக்குப் போறேன். பொண்டாட்டியோட தம்பி. சீனிராஜ்னு பேரு. கல்யாண வீட்டுல படம் எடுக்கிற தொழில், டிரோன் எல்லாம் சொந்தமா வச்சிருக்கான். எம்பொண்ணுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை காதுகுத்து. குலசாமி கோயில்ல வச்சு. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான குத்தணும்? அந்த தாய்மாமன் எங்கூடப் பேசமாட்டேங்கிறான். போனை எடுக்கமாட்டேங்கிறான். அதான் வெத்தல பாக்கு, பழம், வேட்டி சட்டை எல்லாம் வாங்கிக்கிட்டு நேர்லயே போறேன். இந்தப் பையிலதான் இருக்கு. கொஞ்சம் மிதிச்சிராதீங்க.

பலூனா? அது சும்மா. வீட்டுல சின்னப் புள்ளைக இருக்கும்ல.

இல்ல அண்ணாச்சி, பொய் சொல்லிட்டேன். அங்க சின்னப் புள்ளையே கிடையாது. அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகல. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி வாங்கினேன், எம்பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சா வெளக்கமாத்தை எடுத்துருவா. அவன் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த பலூன்.

உங்ககிட்டச் சொன்னா என்ன. அவன் பூமி தட்டைன்னு நம்புறவன்.

பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. சிரிக்காதீங்க அண்ணாச்சி. சிரிச்சுத்தான் இவ்வளவு வம்பும்.

நல்ல பையன்தான். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. எம்பொண்டாட்டி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, தொழிலை விட்டுட்டு வாசல்லயே கிடந்தவன் அவன்தான். நான் கடையில ஸ்டாக் எடுக்கிற நேரம், வரமுடியல. எம்பொண்ணை மொதல்ல கையில வாங்கினதே அவன்தான். அந்த மாதிரிப் பையன். ஆனா போன்ல வீடியோ பார்த்துப் பார்த்து மூளையைக் கெடுத்துக்கிட்டான். தீபாவளிக்கு வந்தாலும் அதே பேச்சு, வளைகாப்புக்கு வந்தாலும் அதே பேச்சு. 'அத்தான், டிரோனை எவ்வளவு உசரத்துக்கு விட்டுப் பார்த்தாலும் தரை நேராத்தான இருக்கு? ஒரு பக்கமாவது வளையணும்ல?'ங்கிறான். 'அத்தான், அம்மாம்பெரிய கடலை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கிற ஈர்ப்பு விசைக்கு ஒரு பட்டாம்பூச்சியைப் பிடிச்சு வைக்கத் தெரியாதா?'ங்கிறான். ஈர்ப்பு விசைன்னே ஒண்ணு கிடையாதாம். கனமா இருக்கறது கீழ போகுது, லேசா இருக்கறது மேல போகுது, இதுல இழுக்கறவன் எங்கருந்து வந்தான்னு கேக்குறான்.

நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் அண்ணாச்சி. இப்ப டைல்ஸ் ஷோரூம்ல மேனேஜரா இருக்கேன், அது வேற விஷயம். ஆனா படிச்சது பிசிக்ஸ். என் முன்னால உக்காந்துக்கிட்டு ஈர்ப்பு விசையே இல்லேன்னு ஒருத்தன் சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? நியாயத்தைச் சொல்லுங்க. நானும் விடமாட்டேன், அவனும் விடமாட்டான். சோறு ஆறிப்போகும். எம்பொண்டாட்டி செல்வராணி வந்து ரெண்டு பேரு தட்டையும் பிடுங்கிட்டுப் போவா. அவ்வளவுதான். அதுல ஒரு கோவமும் கிடையாது. கை கழுவிட்டு வந்து ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்துக் கிடப்போம். அப்படியே விட்டிருக்கலாம்.

எங்க காலனியில போன மாசம் ஆண்டு விழா நடந்தது. வருஷா வருஷம் ஒரு பட்டிமன்றம் உண்டு. கணவனா மனைவியா, மாமியாரா மருமகளா, அதே தலைப்பு, அதே ஆளுக. சனம் பாதியிலயே எந்திரிச்சு சாப்பாட்டுப் பந்திக்குப் போயிருது. சங்கத்துல கூடிப் பேசும்போது நான்தான் சொன்னேன், இந்த வருஷம் 'பூமி உருண்டையா, தட்டையா'ன்னு வைப்போம்னு. எல்லாரும் சிரிச்சாங்க. தட்டைன்னு பேச ஆளுக்கு எங்க போறதுன்னு கேட்டாங்க. என் மச்சினன் இருக்கான்னேன்.

அந்த நேரத்துல இன்னொண்ணும் சொன்னேன். அது இப்ப எதுக்கு.

சீனிராஜுக்குப் போன் போட்டேன். 'நெசமாவா அத்தான்? மேடையிலயா? மைக் குடுப்பாங்களா?'ன்னான். எங்க மாமியார் அப்புறம் சொல்லித்தான் தெரியும், தெருவுல பாக்கிறவங்ககிட்ட எல்லாம் 'எங்க அத்தான் என்னைய மேடையேத்துறாரு'ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். ஒரு கல்யாண ஆர்டரை வேற ஆளுக்கு மாத்தி விட்டுட்டு உக்காந்து குறிப்பு எடுத்திருக்கான். புதுச் சட்டை. அயர்ன் மடிப்பு கலையாம வந்து இறங்கினான். தனுஷ்கோடிக்குப் போயி டிரோன் விட்டு எடுத்த கடல் படத்தைப் பெரிசா ஃப்ளெக்ஸ் போட்டுச் சுருட்டிக் கையில வச்சிருந்தான். இன்னொரு கையில ஒரு கேஸ் பலூன். ஆமா, இதே மாதிரிதான். அது மஞ்சள், இது சிவப்பு.

நடுவர் எங்க காலனித் தமிழய்யா. வெள்ளை வேட்டி, கையில மணி. உருண்டைன்னு பேசறதுக்கு நான் தலைமை. தட்டைன்னு பேச அவன் ஒருத்தன் மட்டும்தான். மத்தவங்க பேர் குடுத்துட்டு, கடைசி நேரத்துல கூச்சமா இருக்குன்னு எங்க பக்கம் வந்து உக்காந்துக்கிட்டாங்க. ஒத்தை ஆளா நின்னான் அண்ணாச்சி.

அவன் வாயத் தொறந்ததுமே சனம் சிரிக்க ஆரம்பிச்சிருச்சு. 'வணக்கம், பூமி தட்டை'ன்னான். அதுக்கே ஒரே விசில். அவன் என்ன நினைச்சான்னா, தான் நல்லாப் பேசறோம், சனம் ரசிக்குதுன்னு நினைச்சுக்கிட்டான். முகமெல்லாம் பூரிச்சுப் போச்சு. ஃப்ளெக்ஸை விரிச்சுக் காட்டினான், சிரிப்பு. பட்டாம்பூச்சி கதையைச் சொன்னான், சிரிப்பு. ஒவ்வொரு சிரிப்புக்கும் என்னைய ஒரு தடவை திரும்பிப் பாக்குறான். 'பாத்தீங்களா அத்தான்'ங்கிற மாதிரி. நானும் தலையாட்டினேன். என்ன பண்றது? ஆட்டாம இருக்க முடியுமா?

அப்புறம்தான் அந்த பலூனை எடுத்தான். நூலை விட்டான். அது நேரா மேல போயி பந்தல் துணியில முட்டி நின்னுச்சு. 'அத்தான் பிசிக்ஸ் படிச்சவரு, அவரே சொல்லட்டும். ஈர்ப்பு விசை எல்லாத்தையும் கீழ இழுக்குதுன்னா இது ஏன் மேல போகுது? கனம் இல்ல, அதான் போகுது. இதுக்கு ஈர்ப்பு விசை எதுக்கு?' அப்படின்னுட்டு மைக்கை என் பக்கம் நீட்டிட்டான்.

எல்லாரும் என்னையப் பாக்குறாங்க. அண்ணாச்சி, எனக்குத் தெரியும். பதில் தெரியும். படிச்சிருக்கேன். ஆனா அந்த நேரத்துக்கு வரமாட்டேங்குது. ஷோரூம்ல டைல்ஸ் சைஸ் கேட்டா தூக்கத்துலகூடச் சொல்லுவேன். இது வரல. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். 'அந்த கேஸை ஈர்ப்பு விசை இழுக்காது'ன்னு.

அவன் மைக்கைத் திருப்பி வாங்கினான். வாங்கிட்டு, மரியாதையாத்தான் கேட்டான், 'அப்ப ஈர்ப்பு விசை ஆளைப் பார்த்துத்தான் இழுக்குமா அத்தான்?'னு.

சிரிச்சாங்க பாருங்க! அதுவரைக்கும் சிரிச்சது வேற, இது வேற. இது என்னையப் பார்த்துச் சிரிச்சது. தமிழய்யா மணியைக் கையில வச்சுக்கிட்டு, அடிக்க மறந்து சிரிக்கிறாரு. என் ஷோரூம் முதலாளி குடும்பத்தோட முன்வரிசையில உக்காந்திருக்காரு. அவரு வீட்டம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க.

நான் மைக்கைப் பிடுங்கினேன். பந்தல்ல முட்டிக்கிட்டு நிக்கிற பலூனைக் காட்டினேன். 'நடுவர் அவர்களே, உள்ள ஒண்ணும் இல்லாதது மேலதான் போகும். அது பலூனா இருந்தாலும் சரி'ன்னு சொல்லிட்டு, அவன் தலையைக் காட்டி, 'இதுவா இருந்தாலும் சரி'ன்னேன்.

பந்தலே இடிஞ்சு விழுற மாதிரி சத்தம். தீர்ப்பு உருண்டைக்குத்தான். எனக்குத் துண்டு போட்டாங்க. முதலாளி வந்து கையைக் குலுக்கினாரு.

அவன் நூலை எட்டிப் பிடிக்கப் பாத்தான், கை எட்டல. விட்டுட்டு இறங்கி வந்தான். வந்தும் சிரிச்ச முகமாத்தான் இருந்தான் அண்ணாச்சி, அப்ப ஒண்ணும் நடந்துறல. வந்து எம்பொண்ணைத் தூக்கினான். நேத்ராவுக்கு இப்பத்தான் மூணு வயசு. மாமான்னா அவளுக்கு உசுரு. அவ இவன் தலையில தட்டி, 'பலூன்... பலூன் மாமா'ன்னு சொல்லிச் சிரிச்சா. புள்ளைக்கு என்ன தெரியும்? எல்லாரும் சிரிச்சாங்க, அதுவும் சிரிச்சுச்சு.

அவளை மெதுவா இறக்கி விட்டான். ஃப்ளெக்ஸைச் சுருட்டினான். விழா பாக்கக் கூட வந்திருந்த அவங்கம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டு கிளம்பிட்டான். சாப்பிடல. அக்கா ஊருக்கு வந்துட்டு தாய்மாமன் கை நனைக்காமப் போறதுன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாததில்ல. செல்வராணி வாசல் வரைக்கும் இலையைக் கையில வச்சுக்கிட்டே ஓடினா.

நியாயத்தைச் சொல்லுங்க அண்ணாச்சி. பட்டிமன்றம்னா ஒருத்தரை ஒருத்தர் வாருறதுதான? டி.வி.யில என்னென்ன பேசுறாங்க! அதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டா எப்படி? நானும் முதல்ல அப்படித்தான் சொன்னேன். 'மாப்ள, அது மேடைப் பேச்சு'ன்னு. ஆனா அதை எவனோ போன்ல எடுத்து, அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டிப் போட்டுட்டான். ராஜபாளையம் வரைக்கும் போயிருச்சு. ஒரு கல்யாண வீட்டுல, 'என்னப்பா பலூன் தலை வந்தாச்சா, படம் எடுக்க ஆரம்பிக்கலாமா'ன்னு மாப்பிள்ளைத் தோழனுக கேட்டிருக்கானுக. மாமியார் சொல்லி அழுதாங்க. அதுலருந்து எனக்குச் சோறு இறங்கல. கண்ணை மூடினா அவன் நூலை எட்டிப் பிடிக்கப் பாத்ததுதான் தெரியுது.

கொஞ்ச நாள் கழிச்சு அவன்கிட்டருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. ஒரே ஒரு கேள்வி. அதுக்கு நானும் பதில் அனுப்பினேன், நீளமா. கேட்டான்னு காட்டுது. ஆனா அதோட சரி. அதுக்கப்புறம் போனே எடுக்கல. செல்வராணி கண்டிசனாச் சொல்லிட்டா: 'எந்தம்பி மடி இல்லாம எம்பொண்ணு காதுல ஊசி படாது. நீங்களே போயி வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுங்க. போற எடத்துல மன்னிச்சுக்கன்னு மட்டும்தான் வாயில வரணும். பூமிங்கிற வார்த்தையே வரக்கூடாது'ன்னுட்டா. சரின்னேன். சத்தியம் பண்ணச் சொன்னா. பண்ணினேன்.

ஆனா அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லாம வெறுமனே மன்னிச்சுக்கன்னு சொன்னா அது முழுசா இருக்குமா? அன்னைக்கு நான் சொன்னது தப்பு அண்ணாச்சி. பக்கத்து வீட்டுப் பையனோட ஒன்பதாங்கிளாஸ் புத்தகத்தை வாங்கிப் படிச்சுப் பாத்தேன். வெக்கமாப் போச்சு. ஈர்ப்பு விசை இந்த பலூனையும் இழுக்கத்தான் செய்யுது. யாரையும் விட்டு வைக்கல. ஆனா சுத்தியிருக்கிற காத்து இதை விடக் கனம். அதே எடத்துக்கு அதுவும் வரப் பாக்குது. காத்து முண்டியடிச்சுக் கீழ வருது, வந்து இதை மேல தள்ளி விட்டுருது. இது தானா ஏறல. மத்ததெல்லாம் கீழ எறங்கறதால இது மேல போகுது. ஈர்ப்பு விசை இல்லேன்னா மிதப்பே கிடையாது, கீழங்கிற ஒண்ணு இருந்தாத்தான் மேலங்கிறதே. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. இதை மட்டும் அன்னைக்கு மேடையில சொல்லியிருந்தேன்னா...

ஏய்! பிடிங்க, கம்பியைப் பிடிங்க! அடச்சே, ஆட்டோக்காரன் குறுக்க வந்துட்டான். உங்களுக்கு அடி ஒண்ணும் படலையே? பை கவுந்திருச்சு. பழம் ஒண்ணு உருண்டிருச்சு, பரவாயில்ல.

அண்ணாச்சி, பாத்தீங்களா? நீங்க பாத்தீங்களா? நாம எல்லாரும் முன்னால போயி விழுந்தோம். இந்த பலூன் மட்டும் பின்னால போச்சு! சத்தியமா, பின்னால போச்சு. ஷட்டர் சாத்தியிருக்கு, காத்து வர வழியில்ல. பிரேக் போட்டதும் பஸ்ஸுக்குள்ள இருக்கிற காத்தும் நம்மளோட சேர்ந்து முன்னால போகுது, அது கனம்ல? போயி இதைப் பின்னால தள்ளுது. கூட்டத்துல குண்டான ஆளுக எல்லாம் முன்னால முண்டினா ஒல்லிக்குச்சி ஆளு பின்னால போயிருவான்ல, அதே கதைதான். அடடா, இதை விடச் சாட்சி வேணுமா! இதை அவனுக்குக் காட்டணும். அவனை பஸ்ஸுல ஏத்திக் கூட்டிட்டு வரும்போதே காட்டலாம். 'மாப்ள, இப்ப என்ன சொல்றே'ன்னு கேட்டா, அசந்து போயிருவான். வாயத் தொறக்கமாட்டான்.

என்ன அப்படிப் பாக்குறீங்க?

வாய்ஸ் மெசேஜ்ல கேட்டது இதைத்தானான்னா? பலூன் ஏன் மேல போகுதுன்னா?

இல்ல அண்ணாச்சி. பலூன் கேள்வி மேடையில கேட்டது. போன்ல கேட்டது வேற.

போட்டுக் காட்டணும்னு இல்ல, எனக்கு மனப்பாடம். பின்னால அவங்க வீட்டு மிக்ஸி சத்தம் கேக்கும். அது நிக்கிற வரைக்கும் பேசாம இருப்பான். நின்னதும் கேப்பான், 'அத்தான், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு என்னையப் பேசறதுக்காகக் கூப்பிட்டீங்களா, எல்லாரும் சிரிக்கறதுக்காகக் கூப்பிட்டீங்களா?' அவ்வளவுதான். கோவமாக்கூடக் கேக்கல.

அதுக்கு நான் என்ன அனுப்பினேன்னு கேக்காதீங்க. ஆர்க்கிமிடீஸைப் பத்தி அனுப்பினேன். தொட்டியில இறங்கினது, தண்ணி வழிஞ்சது, எல்லாம். நடுவுல செருமிச் செருமிப் பேசியிருக்கேன். அதை அவன் கடைசி வரைக்கும் கேட்டிருக்கான் பாருங்க.

அப்ப ஒண்ணு சொன்னேன்னேனே, சங்கத்துல, எதுக்குன்னு விட்டுட்டேன்ல. தட்டைன்னு பேச யாருன்னு கேட்டாங்கல்ல. 'என் மச்சினன் இருக்கான், அவன் நெசமாவே நம்புறான், ஏத்தி விட்டா சனத்துக்கு வயிறு வலிக்கும்'னேன். இந்த வாயாலதான் சொன்னேன். போன்ல அவன் 'நெசமாவா அத்தான்'னு கேட்டப்பகூட எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்புதான். தம்பி மாதிரின்னு வாய் கூசாம சொல்லிட்டுத் திரியறேன். ச்சீ. தம்பியை யாராவது அப்படிப் பண்ணுவாங்களா அண்ணாச்சி?

பட்டிமன்றம்னா வாருறதுதானன்னு உங்ககிட்டச் சொன்னேன். அவனுக்கு அது பட்டிமன்றமே இல்ல. அவன் அத்தான் கூப்பிட்டாருன்னு வந்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிட்டோமா? அப்ப எந்திரிக்கணும். இந்தப் பையை எடுத்துக்குடுங்க. பழத்தை விடுங்க, நசுங்கிருச்சு, இறங்கி வேற வாங்கிக்கறேன்.

இந்தாங்க, இதை நீங்க வச்சுக்கங்க. வேணாம்னு சொல்லாதீங்க. விரலைக் குடுங்க, நூலைச் சுத்தி விடறேன். வீட்டுல பேரன் பேத்தி இருக்கும்ல? இல்லேன்னாலும் வாங்கிக்கங்க. இதை எடுத்துக்கிட்டுப் போனா நான் பேசிருவேன் அண்ணாச்சி. என்னைய எனக்குத் தெரியும். வெத்தலையை நீட்டின கையோட இதையும் நீட்டிருவேன். அவன் மறுபடி தோத்துப் போயி நிப்பான், நான் ஜெயிச்சுட்டு பஸ் ஏறுவேன். எம்பொண்ணு யார் மடியில உக்காரும்?

சங்கரன்கோயில் ரோட்டுத் திருப்பத்துல டிரைவர் ஒரு பிரேக் போடுவாரு, அப்பப் பாத்தீங்கன்னா இது... சரி, விடுங்க.

அவன் மடி குடுக்கறதும் குடுக்காததும் அவன் இஷ்டம். கதவைத் தொறந்ததும் நான் மொதல்ல என்ன சொல்லணும்? அவன் கேட்டதுக்குத்தான பதில் சொல்லணும்? ஒத்த வரிதான். இருங்க, கதவுகிட்டக் கூட்டமா இருக்கு, இறங்க நேரம் இருக்கு. உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறேன்.

சிரிக்கத்தான் கூப்பிட்டேன் மாப்ள.